ஜர்னலில் இடமில்லாத பிழைகள்
மும்பைக் கல்லூரிகளில் முதலாண்டு நிரலாக்கம்

மும்பையில் கணினி படிக்கும் மாணவர்கள் அடர்த்தியாக நடமாடும் வட்டாரங்களில் மாட்டுங்கா, சயான், செம்பூர் பகுதியும் ஒன்று. 1887-இல் தொடங்கிப் பிறகு மாட்டுங்காவில் நிலைகொண்ட வி.ஜே.டி.ஐ., அதற்கு எட்டும் தூரத்தில் ரூயா, கால்சா கல்லூரிகள், சயானில் தென்னிந்தியக் கல்விச் சங்கத்தின் எஸ்.ஐ.இ.எஸ். கல்லூரி, செம்பூரில் 1984-இல் தொடங்கிய வி.இ.எஸ். பொறியியல் கல்லூரி, ஷா அண்ட் ஆங்கர் கல்லூரி என்று வரிசையாக இருக்கின்றன. இவற்றுக்கு நடுவே தாராவி. டைப்பிங்கும் ஷார்ட்ஹேண்டும் கற்றுக்கொண்டு தெற்கிலிருந்து ரயிலேறி வந்தவர்களுக்கு மாட்டுங்கா இடம் கொடுத்தது. தோல் பதனிடும் வேலைக்குத் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் தாராவியில் குடியேறினார்கள். இந்த இரு வகைக் குடும்பங்களின் பேரப்பிள்ளைகளும் இன்று ஒரே செமஸ்டரில், ஒரே லேபில், ஒரே ‘ஃபார் லூப்’பில் வந்து சிக்குகிறார்கள்.

முதலாண்டு நிரலாக்கத் தாளில் ஏன் இத்தனை பேர் தடுமாறுகிறார்கள் என்று கேட்டால் மூன்று பதில்கள் கிடைக்கும். அதற்கென்று ஒரு மூளை வேண்டும் என்பது முதலாவது. ஆங்கிலம்தான் தடை என்பது இரண்டாவது. பழைய ‘சி’ மொழியைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள், பைத்தான் கற்பித்தால் சரியாகிவிடும் என்பது மூன்றாவது. மூன்றிலும் ஓரளவு உண்மை உண்டு, ஆனால் எதுவும் முழு விளக்கம் ஆகாது. நிரல் எழுது என்று சொல்வதற்கு முன் நிரலைப் படிக்கக் கற்றுக்கொடுப்பதில்லை, தவறு செய்து பார்ப்பதற்குப் பாடத்தில் இடம் விடுவதில்லை. இந்தக் குறை மற்ற மூன்றுக்கும் அடியில் கிடக்கிறது.

அட்டையில் துளையிட்ட காலம்

இந்தியாவில் நிரலாக்கக் கல்வி வேரூன்றிய இடங்களில் மும்பையும் ஒன்று. டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில், சென்னையில் பிறந்து கிண்டியில் பொறியியல் படித்த ஆர். நரசிம்மன் தலைமையிலான குழு ஒரு கணினியை உருவாக்கியது. 1956-இல் அதன் மாதிரி இயந்திரமும் 1960-இல் முழு இயந்திரமும் இயங்கத் தொடங்கின. 1962-இல் நேரு அதற்கு ‘டிஃப்ராக்’ என்று பெயர் சூட்டினார். 1964-இல் அதே நிறுவனத்துக்கு சி.டி.சி. 3600 என்ற பெரிய இயந்திரம் வந்தபோது, பல ஊர்களின் ஆராய்ச்சியாளர்கள் தங்கள் நிரல்களை அட்டைக் கட்டுகளாகக் கொலாபாவில் உள்ள அந்த நிறுவனத்துக்கு அனுப்பினார்கள்.

வடக்கே, கான்பூர் ஐ.ஐ.டி.க்கு 1963-இல் ஐ.பி.எம். 1620 வந்தது. அதைச் சுற்றி உருவான ஃபோர்ட்ரான் வகுப்புகளில் ஒரு தலைமுறை ஆசிரியர்களும் பொறியாளர்களும் பயின்றார்கள். அந்த வகுப்புகளை நடத்தியவர்களில் முதன்மையானவர் ஈரோட்டில் பிறந்த வி. ராஜாராமன். 1969-இல் வந்த அவருடைய ‘பிரின்சிபிள்ஸ் ஆஃப் கம்ப்யூட்டர் புரோகிராமிங்’ என்ற நூல் கணினியைக் கண்ணால் பார்த்திராத மாணவர்களுக்கும் நிரலாக்கத்தை அறிமுகப்படுத்தியது.

அந்தக் காலத்து மாணவருக்கு இயந்திரம் எளிதில் கிடைக்காது. ஓர் அட்டையில் 80 எழுத்துகள், ஒரு நிரலுக்கு ஒரு கட்டு அட்டை. கொடுத்துவிட்டு வந்தால் விடை வரக் காத்திருக்க வேண்டும். ஒரு காற்புள்ளி விடுபட்டிருந்தால் மறுபடியும் வரிசை. அதனால் அட்டையில் துளையிடுவதற்கு முன்பே, தாளும் பென்சிலுமாக உட்கார்ந்து, இந்த வரிக்குப் பிறகு இந்த மாறியில் என்ன இருக்கும், லூப் எத்தனை முறை சுற்றும் என்று கையால் ஓட்டிப் பார்த்தார்கள். இந்தப் பழக்கத்தை எந்தப் பாடத்திட்டமும் கட்டாயப்படுத்தவில்லை, பற்றாக்குறைதான் கட்டாயப்படுத்தியது. அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று சொல்லிவிட முடியாது. அந்த வாய்ப்பு நாட்டில் மிகச் சிலருக்கே கிட்டியது. ஆனால் பிறகு இயந்திரம் மலிவானபோது, கையால் ஓட்டிப் பார்க்கும் பழக்கத்தைப் பாடமாக எழுதி வைக்க யாருக்கும் தோன்றவில்லை.

பாடத்திட்டம் சொல்வதும் லேபில் நடப்பதும்

மும்பைப் பல்கலைக்கழகத்தின் கீழ் நிரலாக்கத்துக்குள் நுழைய இன்று பல வாசல்கள் உண்டு. பொறியியல் முதலாண்டில் எந்தத் துறை மாணவரானாலும், சிவில் ஆனாலும் மெக்கானிக்கல் ஆனாலும், ‘சி’ நிரலாக்கம் படித்தாக வேண்டும் என்பது நெடுங்கால வழக்கம். ஒரு காலம் வரை ‘ஸ்ட்ரக்சர்டு புரோகிராமிங் அப்ரோச்’ என்று பெயர், 2019 பாடத்திட்டத்தில் ‘சி புரோகிராமிங்’. பி.எஸ்ஸி. ஐ.டி. மாணவர்கள் ‘இம்பெரேட்டிவ் புரோகிராமிங்’ என்ற தாளில் அதே சி மொழியைத் தொட்டுவந்தார்கள். பி.எஸ்ஸி. கணினி அறிவியலில் 2016-க்குப் பிறகு பைத்தான் வந்தது. இதற்கு முன்பே, ஜூனியர் காலேஜில் ‘பைஃபோக்கல்’ என்ற தொழிற்பாடமாகக் கணினியை எடுத்தவர்கள் சி++ மொழியையும் 8085 நுண்செயலியையும் பார்த்திருப்பார்கள். எடுக்காதவர்களுக்கு முதலாண்டுதான் முதல் அறிமுகம். இருவரும் ஒரே பெஞ்சில் உட்காருகிறார்கள்.

லேபுக்கு வாரம் 2 மணி நேரம். பல கல்லூரிகளில் பல ஆண்டுகளாகத் திரையில் விரிவது டர்போ சி++ மென்பொருளின் நீலப் பரப்பு. 1990களின் தொடக்கத்தில் போர்லாண்ட் நிறுவனம் டாஸ் இயங்குதளத்துக்காக வெளியிட்டது அது. விண்டோஸ் அதைத் தாங்காத நிலை வந்ததும் டாஸ்பாக்ஸ் என்ற உறைக்குள் வைத்து ஓட்டினார்கள். திரையைத் துடைப்பதற்கு ஒரு வரி, விடை மறையாமல் நிற்பதற்கு ஒரு வரி என்று மாணவர் மனப்பாடம் செய்யும் சில கட்டளைகள் தரப்படுத்தப்பட்ட சி மொழியிலேயே கிடையாது. முதல் வேலைக்குப் போன பிறகுதான் பலருக்கு இது தெரிய வருகிறது.

எல்லாவற்றுக்கும் மேலே இருப்பது ஜர்னல் என்ற லேப் பதிவேடு. நோக்கம், கோட்பாடு, அல்காரிதம், ஃப்ளோசார்ட், நிரல், வெளியீடு, முடிவு என்று ஒவ்வொரு பயிற்சிக்கும் ஒரே வரிசை. சப்மிஷன் வாரம் வந்ததும் சீனியரின் ஜர்னல் கைமாறுகிறது. நிரல், பிழையே இல்லாத வெளியீடு எல்லாம் அப்படியே இறங்குகின்றன. ஆசிரியரின் கையெழுத்து விழுந்தால் டெர்ம் ஒர்க் மதிப்பெண். வைவாவில் கேட்பது பெரும்பாலும் “லூப் எத்தனை வகைப்படும்?” போன்ற கேள்விதான். எழுத்துத் தேர்விலும் நிரலைக் காகிதத்தில்தான் எழுத வேண்டும். ஃபிபனாச்சி, பாலிண்ட்ரோம், ஆர்ம்ஸ்ட்ராங் எண், நட்சத்திரப் பிரமிடு என்று கேள்விகளும் திரும்பத் திரும்ப வருபவை. யஷ்வந்த் கானேட்கரின் ‘லெட் அஸ் சி’, அண்ணா பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்த இ. பாலகுருசாமியின் ‘புரோகிராமிங் இன் ஆன்சி சி’ போன்ற நூல்களை ஒதுக்கிவிட்டு, பழைய கேள்வித்தாள்களுக்கு விடை தரும் லோக்கல் ஆத்தர் புத்தகத்தை மட்டும் படித்தே தேறிவிடலாம். தேறாதவர் ஏ.டி.கே.டி. வாங்கி, அந்தத் தாளைப் பாக்கியாக வைத்துக்கொண்டு அடுத்த செமஸ்டருக்குள் போகிறார். அந்த ஒரு கே.டி. சில நேரம் கடைசி ஆண்டு வரை கூடவே வருகிறது.

8-இன் ஃபேக்டோரியல்

எந்த ஜர்னலிலும் ஃபேக்டோரியல் நிரல் இருக்கும். வெளியீட்டில் 5 கொடுத்து 120 பெற்றதாக எழுதியிருக்கும். அதே நிரலை டர்போ சி-யில், சாதாரண முழு எண் மாறியோடு, 8 கொடுத்து ஓட்டினால் 40,320 வர வேண்டிய இடத்தில் கழித்தல் 25,216 வரும். அந்த மென்பொருளில் ஒரு முழு எண்ணுக்கு 16 பிட் இடம்தான். 32,767-ஐத் தாண்டிய எண் அதில் அடங்காமல் மறுமுனையில் எதிர் எண்ணாக வந்து நிற்கும்.

இயந்திரத்தில் எண்ணுக்கு அளவு உண்டு, கணிதத்தின் முழு எண்ணும் கணினியின் முழு எண்ணும் ஒன்றல்ல என்ற பாடத்தை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது. 5-க்குப் பதில் 8 என்று தட்டினால் போதும். ஆனால் அந்தக் கழித்தல் எண்ணை எழுத ஜர்னலில் இடம் இல்லை. எழுதினால் சிவப்பு மை விழும். எனவே கல்வி எங்கே தொடங்க வேண்டுமோ அங்கே மாணவர் பக்கத்தைத் திருப்பிவிடுகிறார்.

இரண்டு மாறிகளின் மதிப்பை இடமாற்றும் நிரலும் இப்படித்தான். மூன்றாவதாக ‘டெம்ப்’ என்று ஒரு மாறி வேண்டும் என்பது எல்லோருக்கும் மனப்பாடம். அது இல்லாமல் முதலாவதில் இரண்டாவதை வைத்து, இரண்டாவதில் முதலாவதை வைத்தால் என்ன ஆகும் என்று கேட்டால் வகுப்பில் பாதிப் பேர் “மாறிவிடும்” என்பார்கள். முதல் வரியிலேயே பழைய மதிப்பு அழிந்துபோகிறது, இரண்டிலும் ஒரே எண்தான் நிற்கும் என்பது கையால் ஓட்டிப் பார்த்தவர்களுக்கே தெரியும்.

உலக ஆய்வுகள் என்ன சொல்கின்றன

இந்தத் தடுமாற்றம் மும்பைக்கு மட்டும் உரியதல்ல. 2001-இல் மைக்கேல் மெக்ராக்கன் தலைமையிலான குழு நான்கு பல்கலைக்கழகங்களில் முதல் நிரலாக்கப் பாடம் முடித்த 216 மாணவர்களைச் சோதித்தது. 110-க்குச் சராசரி மதிப்பெண் 23-ஐக்கூட எட்டவில்லை. மாணவர்களுக்குச் சிக்கலைத் தீர்க்கும் திறன் போதவில்லை என்று பலர் முடிவுகட்டினார்கள். 2004-இல் ரேமண்ட் லிஸ்டரும் அவருடைய குழுவினரும் ஏழு நாட்டு மாணவர்களிடம் வேறொன்றைக் கேட்டார்கள். எழுத வேண்டாம், கொடுத்திருக்கும் சிறு நிரலைப் படித்து விடை என்ன வரும் என்று சொன்னால் போதும். அதிலும் கணிசமானோர் தடுமாறினார்கள். எழுதும் திறன் கேள்விக்கு வருவதற்கு முன்பே வாசிக்கும் திறன் பலவீனமாக இருந்தது இதில் வெளிப்பட்டது.

தோல்வி விகிதம் பற்றியும் தரவு உண்டு. கிறிஸ்டோபர் வாட்சன், ஃபிரெடெரிக் லீ இருவரும் 2014-இல் 15 நாடுகளின் 161 பாடவகுப்புகளைத் தொகுத்துப் பார்த்தபோது சராசரித் தேர்ச்சி 67.7 சதவீதம். மூன்றில் ஒருவர் தவறுகிறார். மற்றப் பாடங்களோடு ஒப்பிட்டால் இது அவ்வளவு மோசமில்லை என்று வாதிடுபவர்களும் இருக்கிறார்கள்.

“அதற்கென்று ஒரு மூளை வேண்டும்” என்ற நம்பிக்கைக்கு 2006-இல் ஓர் ஆதாரம் கிடைத்தது போலிருந்தது. மிடில்செக்ஸ் பல்கலைக்கழகத்தின் சயீது தெஹ்னாடி, ரிச்சர்ட் போர்னாட் இருவரும், மாறிகளுக்கு மதிப்பு வழங்கும் சில வரிகளைக் கொண்ட தேர்வை வகுப்பு தொடங்கும் முன்பே வைத்து, யார் தேறுவார் என்று பிரித்துவிடலாம் என்றார்கள். அந்தக் கட்டுரை உலகமெங்கும் பரவியது. 2014-இல் போர்னாட் அந்தக் கூற்றைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். கட்டுரை பரவிய அளவுக்கு இந்த மறுப்பு பரவவில்லை. 2016-இல் எலிசபெத் பட்டிட்சாஸும் சக ஆய்வாளர்களும் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் 778 கணினி வகுப்புகளின் மதிப்பெண்களை ஆராய்ந்தார்கள். தெரிந்தவர், தெரியாதவர் என்று இரண்டு மேடுகளாக வகுப்பு பிரிந்து நின்றதற்கு மிகச் சிலவற்றில் மட்டுமே அடையாளம் இருந்தது. பிறவித் திறமையில் நம்பிக்கை கூடுதலாக உள்ள ஆசிரியர்கள், சாதாரண மதிப்பெண் வரைபடத்திலும் இரண்டு மேடுகளைப் பார்க்கிறார்கள் என்பதையும் அதே ஆய்வு காட்டியது.

ஆகவே, “உனக்கு இது வராது” என்று முதல் மாதத்திலேயே ஒரு மாணவியிடம் சொல்லிவிடுவதற்கு அறிவியல் ஆதரவு இல்லை. முன்பே பழகிவிட்டு வந்தவர் வேகமாகப் போகிறார், இப்போதுதான் தொடங்குபவர் மெதுவாகப் போகிறார். வகுப்பில் தெரியும் வேறுபாட்டில் ஒரு பகுதி இதுதான்.

ஆங்கிலம் எவ்வளவு தடை?

மும்பை மாநகராட்சி எட்டு மொழிகளில் பள்ளி நடத்துகிறது. தமிழும் அதில் ஒன்று. தாராவியில் அந்தப் பள்ளிகளில் படித்த பிள்ளைகளின் பாதையில் எங்கோ ஓர் இடத்தில் தமிழ்வழி முடிந்துவிடுகிறது. பிறகு ஜூனியர் காலேஜ் ஆங்கிலத்தில். கல்லூரியில் புத்தகம் ஆங்கிலம், லேபில் ஆசிரியர் விளக்குவது பாதி ஆங்கிலமும் பாதி பம்பாய் இந்தியும், பக்கத்து பெஞ்ச் நண்பன் சொல்லித் தருவது மராத்தியில். பாயிண்டர் என்ன என்பதை அந்தப் பிள்ளை மூன்று மொழிகளில் கேட்டுவிட்டு நான்காவது மொழியில் யோசிக்க வேண்டியிருக்கிறது.

இது உலகளாவிய சிக்கலும்கூட. ஃபிலிப் குவோ 2018-இல் வெளியிட்ட ஆய்வில், ஆங்கிலம் தாய்மொழியல்லாத 840 பேர் 86 நாடுகளிலிருந்து பதில் தந்திருந்தார்கள். பாடப்பொருளைப் படிப்பதும், நிரலை வாசிப்பதும், ஆங்கிலமும் நிரலாக்கமும் ஒரே நேரத்தில் கற்பதும் கடினம் என்றார்கள். நம் ஊரிலேயே பவாய் ஐ.ஐ.டி.யில் யோகேந்திர பால், ஸ்ரீதர் ஐயர் இருவரும் இந்திவழிப் பள்ளியிலிருந்து வந்த மாணவர்களை வைத்து ஆராய்ந்தார்கள். ஆங்கிலத்தில் மட்டுமே கற்பிப்பது என்றால், நேரடி விரிவுரையைவிட, தன் வேகத்துக்கு நிறுத்தியும் திருப்பியும் பார்க்கக்கூடிய காணொளி இந்த மாணவர்களுக்கு ஏற்றது என்பது அவர்களுடைய கண்டறிதல்களில் ஒன்று. மொழியோடு வேகமும் சேர்ந்துதான் தடையாகிறது என்று இதிலிருந்து கொள்ளலாம்.

அதே வளாகத்தில் கண்ணன் மௌட்கல்யா தொடங்கிய ‘ஸ்போக்கன் டுடோரியல்’ திட்டம் சி, சி++, பைத்தான் போன்றவற்றுக்குச் சிறு காணொளிகள் தருகிறது. திரையில் ஆங்கிலம், குரல் தமிழ் உட்பட இந்திய மொழிகளில். பார்த்துக்கொண்டே பக்கத்தில் தானும் செய்து பார்க்க வேண்டும் என்பது அதன் முறை. முத்து அண்ணாமலை உருவாக்கிய ‘எழில்’ என்ற மொழி இன்னும் ஒரு படி மேலே போய்க் கட்டளைகளையே தமிழில் தருகிறது. லூப், நிபந்தனை ஆகிய கருத்துகளைப் பள்ளிப் பருவத்திலேயே தாய்மொழியில் தொட இது வழி. வேலைச் சந்தை ஆங்கிலத்தில்தான் இருக்கிறது என்பதில் ஐயமில்லை. நாமக்கல் மாவட்டம் மோகனூரில் தமிழ்வழியில் படித்து, திருச்சியில் எம்.சி.ஏ. முடித்து, 1987-இல் டி.சி.எஸ்.ஸில் சேர்ந்து அதன் தலைமைக்கு வந்த என். சந்திரசேகரனைப் போன்றவர்களை உதாரணம் காட்டித் தடையே இல்லை என்று சொல்வது எளிது. ஒருவர் தாண்டியதால் சுவர் இல்லையென்று ஆகிவிடாது.

சி-யா, பைத்தானா?

2014-இல் அமெரிக்காவின் முன்னணிக் கணினித் துறைகளில் முதல் பாடத்துக்கு அதிகம் பயன்படும் மொழி பைத்தான் என்று குவோ கணக்கிட்டார். தமிழ்நாட்டில் அண்ணா பல்கலைக்கழகம் 2017 ஒழுங்குமுறையில் முதல் செமஸ்டரிலேயே பைத்தானைக் கொண்டுவந்தது. தொடக்கநிலை மாணவருக்குப் பைத்தானில் சடங்கு குறைவு. ஒரு வரியில் விடை வரும். 8-இன் ஃபேக்டோரியல் மட்டுமல்ல, 80-இன் ஃபேக்டோரியலும் சரியாக வரும். ஆனால் அப்போது இயந்திரத்தின் எல்லை கண்ணில் படாமலே போகும். சி மொழி நினைவகத்தைத் தொட்டுப் பார்க்க வைக்கும், அதற்கு ஈடாகப் புள்ளி, அரைப்புள்ளி எல்லாவற்றுக்கும் கணக்குக் கேட்கும்.

மொழியை மாற்றாமலும் கற்பிக்கும் முறையை மாற்றலாம் என்பதற்குப் பவாயே சான்று. அங்கே அபிராம் ரானடே சி++ மொழியின் மேல் ‘சிம்பிள்சிபிபி’ என்ற எளிய தொகுப்பைக் கட்டினார். முதல் நாளே திரையில் ஓர் ஆமை நகர்ந்து சதுரம் வரையும். ‘திரும்பச் செய்’ என்ற கட்டளை, மாறி என்றால் என்ன என்று சொல்வதற்கு முன்பே வந்துவிடும். கோணத்தைத் தவறாகக் கொடுத்தால் சதுரம் மூடாது, பிழை கண்ணுக்கே தெரியும். சேமூர் பேபர்ட் லோகோ மொழியில் 1960களின் இறுதியில் தொடங்கிய சிந்தனையின் தொடர்ச்சி இது. மறுபக்கம், பைத்தானுக்கு மாறிய பிறகும் அதே ஜர்னல், அதே பத்து நிரல், அதே பிழையற்ற வெளியீடு என்றால் மாறியது பாடத்தின் பெயர் மட்டும்தான்.

இடமும் இயந்திரமும்

லேபில் வாரம் 2 மணி நேரம். செம்பூரில் தனி அறையும் லேப்டாப்பும் உள்ள மாணவருக்கு அது தொடக்கம்தான், மீதி வீட்டில் நடக்கும். தாராவி தொண்ணூறு அடிச் சாலைக்கு உள்ளே, பத்துக்குப் பத்து அறையில் ஐந்து பேரோடு இருக்கும் மாணவிக்கு அதுவே மொத்தமும். நிரலாக்கம் தவறிப் பார்த்துத் தவறிப் பார்த்துப் படியும் கலை. எத்தனை முறை தவறிப் பார்க்கலாம் என்பதை இடமும் இயந்திரமும் தீர்மானிக்கும்போது, மதிப்பெண் பட்டியல் திறமையோடு வீட்டின் பரப்பளவையும் சேர்த்தே அளக்கிறது.

திறமைக்குக் குறைவில்லை என்பதைத் தாராவியே காட்டியிருக்கிறது. நவ்நீத் ரஞ்சன் தொடங்கிய ‘தாராவி டைரி’ முயற்சியில், நயா நகர்ப் பகுதிப் பள்ளிச் சிறுமிகள் எம்.ஐ.டி.யின் ஆப் இன்வென்டரைக் கற்றுக் கைப்பேசிச் செயலிகள் உருவாக்கினார்கள். பெண்கள் பாதுகாப்புக்கு ஒன்று, குழாயடித் தண்ணீர் வரிசையை ஒழுங்குபடுத்த ஒன்று. கட்டளைகளைத் துண்டுகளாகப் பொருத்தும் முறை என்பதால் எழுத்துப் பிழைக்கு இடமில்லை. தங்கள் தெருவின் சிக்கலையே எடுத்துக்கொண்டதால், விடை சரியா தவறா என்று அவர்களே சொல்ல முடிந்தது. கல்லூரிப் பாடம் ஆர்ம்ஸ்ட்ராங் எண்ணைத் தேடச் சொல்கிறது. அது எதற்கு என்று கேட்டால் பலருக்குப் பதில் தெரியாது.

விடை சொல்லும் இயந்திரம்

2022-இன் இறுதியில் சாட்ஜிபிடி வந்த பிறகு, முதலாண்டுப் பயிற்சிகள் எல்லாவற்றுக்கும் நொடியில் விடை கிடைக்கிறது. அதற்கு முன்பே, அந்த ஆண்டின் தொடக்கத்தில், நியூசிலாந்து ஆய்வாளர்கள் கோடெக்ஸ் என்ற முந்தைய மாதிரியை முதலாண்டுத் தேர்வு எழுத வைத்தார்கள். அது வகுப்பின் முதல் கால்பகுதி மாணவர்களுக்கு இணையாக மதிப்பெண் பெற்றது. சீனியரின் ஜர்னல் செய்த வேலையை இப்போது கைப்பேசி செய்கிறது. ஜர்னல் முறை இதனால் புதிதாகக் கெட்டுவிடவில்லை. பழைய ஓட்டை வெளியே தெரிகிறது. பிழையற்ற நிரலும் பிழையற்ற வெளியீடும் கற்றதற்குச் சான்று என்று வைத்திருந்தோம். இனி அப்படி வைத்துக்கொள்ள முடியாது. இயந்திரம் எழுதித் தந்ததைப் படித்து, இது 5-க்குச் சரி, 8-க்குத் தவறு என்று சொல்லக்கூடியவரைத்தான் வேலைக்கு எடுப்பார்கள்.

செலவில்லாத மாற்றம்

இங்கிலாந்தில் சூ சென்டன்ஸும் சக ஆய்வாளர்களும் பள்ளிகளில் சோதித்த ஒரு முறைக்கு ஐந்து படிகள். கொடுத்த நிரல் என்ன செய்யும் என்று முன்கூட்டிச் சொல், ஓட்டிப் பார், ஏன் என்று ஆராய், சற்றே மாற்று, கடைசியில் சொந்தமாக எழுது. எழுதுவது கடைசியில் வருகிறது. நம் வரிசை அப்படியே தலைகீழ்.

பல்கலைக்கழகம் தேசியக் கல்விக் கொள்கையை ஒட்டிப் பாடத்திட்டங்களை மாற்றிக்கொண்டிருக்கும் நேரம் இது. புதிய கணினியோ புதிய மொழியோ இல்லாமலே மூன்று காரியம் செய்யலாம். ஜர்னலில் ‘வெளியீடு’ என்ற பகுதிக்கு முன்னால் ‘நான் எதிர்பார்த்தது’ என்று ஒரு பகுதியும், பின்னால் ‘எங்கே தவறியது, ஏன்’ என்று ஒரு பகுதியும் சேர்க்கலாம். ஒவ்வொரு நிரலையும் உடைக்கக்கூடிய ஓர் உள்ளீட்டைக் கண்டுபிடித்து எழுதுபவருக்கு மதிப்பெண் தரலாம். வைவாவில் வகை கேட்பதை விட்டு, பத்து வரி நிரலை நீட்டி, எந்த மொழியில் வேண்டுமானாலும் விளக்கு என்று சொல்லலாம். தமிழில் விளக்கினால், அதை மொழிபெயர்த்துச் சொல்ல மாட்டுங்காவில் ஒரு தமிழ் மாணவர் கிடைக்காமல் போகமாட்டார்.

ஆசிரியருக்கு இதில் வேலை கூடும். அறுபது பேர் உள்ள வகுப்பில் அறுபது ஒரே மாதிரி ஜர்னலில் கையெழுத்திடுவது எளிது, அறுபது வெவ்வேறு தவறுகளைப் படிப்பது கடினம். ஆனால் இந்த மாற்றத்தால் அதிகம் பயன்பெறுபவர் யார் என்று பார்த்தால், வீட்டில் லேப்டாப் இல்லாதவர், ஆங்கிலம் தடுமாறுபவர், ஜூனியர் காலேஜில் கணினி எடுக்காதவர். நிரலை முன்கூட்டிக் கணிக்கத் தாளும் பேனாவும் போதும், மின்ரயிலில் நின்றுகொண்டே செய்யலாம். லேபின் 2 மணி நேரத்தை நகலெடுக்கச் செலவிடாமல், கணித்ததைச் சோதிக்கச் செலவிட்டால், வாரத்தின் மற்ற நாட்களும் அவர்களுக்குப் படிப்பு நாட்களாகும்.